வளர்ப்பூடகம்: சொல் விளக்கம்

உணவு ஆலைக் கழிவுகளைக் கொண்டு 'பற்றீரியாக் கலாசார ஊடகம்' தயாரிப்பதாகச் சொல்லும் ஆய்வுச் சுருக்கங்களும் கண்காட்சிப் பதாகைகளும் பெருகிவிட்டன. மட்டக்களப்பில் கலாசார ஊடகம் என்றால், வடமோடி தென்மோடிக் கூத்துகளைப் பற்றி எழுதும் பத்திரிகை என்றே எவரும் கொள்வர். தவிட்டுச் சாற்றில் பெருகும் நுண்ணங்கிக்கு ஏது கலாசாரம்?

பயிரிடுதலைக் குறித்த இலத்தீன் வேர் ஒன்றே ஆங்கிலத்தில் 'கல்ச்சர்' என்று பண்பாட்டுக்கும் நுண்ணங்கி வளர்ப்புக்கும் பெயரானது. 'மீடியம்' என்பது நடுவில் இருப்பது. நுண்ணங்கி வளர வேண்டிய காபன், நைதரசன், கனியுப்புகள், நீர் ஆகியவை சேர்ந்த, கிருமியழித்த கரைசலோ கூழோ வளர்ப்பூடகம் ஆகும்.

தனித்தமிழ் அன்பர் சிலர், ஊடகம் என்ற சொல்லைத் தொலைக்காட்சியும் பத்திரிகையும் எடுத்துக்கொண்டன என்று கூறி, 'வளர்தளம்' என்பதை முன்வைக்கின்றனர். ஒளி ஓர் ஊடகத்திலிருந்து இன்னோர் ஊடகத்துக்குச் செல்கையில் முறிவடைகிறது என்று படிக்கும் மாணவர் எவரும் அங்கே தொலைக்காட்சியை நினைப்பதில்லை. வளர்ப்பு என்ற முன்னொட்டு இருக்க, இங்கே குழம்புவதற்கு இடமே இல்லை. தளம் என்பதோ பரப்பு. ஜேர்மன் நுண்ணங்கியியலாளர் றொபேட் கொக்கின் ஆய்வுகூடத்துக்கு 1881இல் ஃபனி ஹெஸ்ஸ என்ற பெண்மணியின் யோசனையால் வந்து சேர்ந்த ஏகார், அதாவது அம்பாறைக் கரையோர வீடுகளில் நோன்பு காலத்தில் பாலும் சீனியும் இட்டுக் காய்ச்சும் அதே கடற்பாசி, தட்டில் உறைந்து கிடக்கையில் அதனைத் தளம் எனலாம். ஆனால் மலிவு ஊடகமாகப் பயன்படும் மிச்சங்களிற் பல நீர்மங்கள்: சீனி ஆலை மொலாசஸ், பாற்கட்டி செய்கையில் பிரியும் தெளிநீர், கொப்பறாவுக்கு உடைக்கையில் வீணாகும் தேங்காய்நீர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் பியோரியா நகர ஆய்வுகூடத்தில் பென்சிலின் விளைச்சலைப் பெருக்கியதும் சோள மாப்பொருள் ஆலையில் எஞ்சிய ஊறல்நீரே. அங்கு வளர்ந்தது பூஞ்சணம் என்றாலும் நியாயம் ஒன்றுதான். குடுவையில் குலுங்கும் சாற்றைத் தளம் என்று எப்படி அழைப்பது? பொருளைக் கண்ணால் காணாமல் அகராதியை மட்டும் புரட்டும் மொழிபெயர்ப்பாளரிடமிருந்தே இத்தகைய ஆக்கங்கள் வருகின்றன.

'கழிவு ஊடகம்' என்று சுருக்குவதும் கூடாது. ஆய்வுகூடத்தில் அது, பற்றீரியா வளர்ந்து முடிந்தபின் 121 பாகை செல்சியசில் அமுக்க நீராவியால் கிருமியழித்து அகற்ற வேண்டிய பழைய ஊடகத்தையே குறிக்கும். உணவு ஆலையில் எஞ்சியதிலிருந்து செய்யப்படுவதற்கு 'எச்சவழி வளர்ப்பூடகம்' என்பதே பொருந்தும்.