ஸ்டீம்போட்: நீராவிப் படகா, புகைக்கப்பலா?

ஸ்டீம் என்றால் ஆவி, போட் என்றால் படகு. இரண்டும் பழைய ஆங்கிலச் சொற்கள். சேர்த்துச் சொன்னால், நீராவி இயந்திரத்தின் விசையால் ஓடும் படகு. பொருளில் சிக்கல் இல்லை. தமிழில் எழுதும்போதுதான் நீராவிக் கப்பல், புகைக்கப்பல், ஸ்டீமர் என்று கைக்கு வந்ததைப் போட்டுவிடுகிறோம். எது எங்கே பொருந்தும் என்று பார்க்க, மக்கள் காசு கொடுத்து முதலில் இந்தப் படகில் ஏறிய இடங்களில் ஒன்றுக்குப் போவது நல்லது. ஸ்காட்லாந்தின் கிளைடு ஆறு, 1812.

அந்த ஆண்டு ஆகஸ்டில் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது. கொடுத்தவர் ஹென்றி பெல். கிளைடு கரையில் உள்ள ஹெலன்ஸ்பரோவில் அவருக்குக் கடல்நீர்க் குளியல் விடுதி இருந்தது. கிளாஸ்கோவிலிருந்து விருந்தினர்களை அங்கே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பாய்மரப் படகை நம்பினால், காற்றும் ஓதமும் ஒத்துவராத நாளில் பொழுது முழுக்க ஆற்றிலேயே போய்விடும். அதனால் ஒரு ஸ்டீம்போட் கட்டியிருக்கிறேன், காற்றின் வலுவாலும் நீராவியின் வலுவாலும் ஓடும் என்று அறிவித்தார். கிளாஸ்கோவின் புரூமிலா துறையிலிருந்து செவ்வாய், வியாழன், சனி நண்பகலில் புறப்படும். ஹெலன்ஸ்பரோவுக்கு எதிர்க்கரையில் உள்ள கிரீனக்கிலிருந்து திங்கள், புதன், வெள்ளி காலையில் திரும்பும். நல்ல அறைக்கு 4 ஷில்லிங், இரண்டாம் தரத்துக்கு 3 ஷில்லிங். சரக்கு கிடையாது, பயணிகளுக்கு மட்டும்.

படகின் பெயர் காமெட். 1811-இல் வானத்தில் தெரிந்த பெரிய வால்மீனை வைத்துச் சூட்டிய பெயர். போர்ட் கிளாஸ்கோவில் ஜான் வுட் கட்டினார். இயந்திரம் ஜான் ராபர்ட்சன் செய்தது, கொதிகலன் டேவிட் நேப்பியர் செய்தது. நீளம் சுமார் 43 அடி, இயந்திரத்தின் வலு 3, 4 குதிரைத்திறன்தான். இதில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் புகைபோக்கி. உயரமாக நிமிர்ந்து நின்ற அந்த இரும்புக் குழாயே பாய்மரமும்கூட. காற்று வாகாக அடித்தால் அதிலேயே பாயை விரித்துக்கொள்வார்கள். விளம்பரத்தில் காற்றும் நீராவியும் சேர்ந்து வந்ததன் காரணம் இதுதான். இரு பக்கமும் துடுப்புச் சக்கரங்கள் சுழலும். முதலில் பக்கத்துக்கு இரண்டு, அப்புறம் ஒன்றே போதும் என்று குறைத்தார்கள்.

இதற்கு முன்பே ஸ்காட்லாந்தில் நீராவிப் படகுகள் ஓடியதுண்டு. வில்லியம் சிமிங்டனின் சார்லட் டண்டஸ் 1803-இல் ஃபோர்த்–கிளைடு கால்வாயில் இரண்டு பெரிய சரக்குப் படகுகளைக் கட்டி இழுத்துக் காட்டியது. அலை கரையை அரித்துவிடும் என்ற அச்சத்தில் அது கைவிடப்பட்டது. அமெரிக்காவில் ஃபுல்டனின் படகு 1807-இலேயே பயணிகளை ஏற்றியது. ஐரோப்பாவில் நாள் குறித்து, கட்டணம் குறித்து, ஆள் ஏற்றி நிலைத்து ஓடியது என்றால் காமெட்தான். ஓரிரு ஆண்டுகளில் அதைவிடப் பெரிய, வேகமான படகுகள் கிளைடில் இறங்கிவிட்டன. காமெட் வேறு தடங்களுக்குப் போய், 1820 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள கிரெய்க்னிஷ் முனையில் மோதி உடைந்தது.

சரி, தமிழுக்கு வருவோம். ஆவி நமக்குப் புதிய சொல் அல்ல. மெல்லிய துணியை ‘ஆவி அன்ன அவிர்நூல் கலிங்கம்’ என்கிறது பெரும்பாணாற்றுப்படை. உயிர், மூச்சு என்றும் அதற்குப் பொருள் உண்டு. வாவி, அதாவது குளம் என்றும் உண்டு. அதனால் நீராவி என்றால் நீர் நிறைந்த குளம் என்ற பொருளும் இருக்கிறது. யாழ்ப்பாணத்து நீராவியடி போன்ற ஊர்ப்பெயர்களைப் பார்த்து, அங்கே ஏதோ கொதிகலன் இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது.

புகைக்கப்பல் கரையில் நின்று பார்த்தவர் வைத்த பெயர். புகைவண்டியும் இலங்கையின் புகையிரதமும் பிறந்த வழி அதுதான். அழகான சொல், அந்தக் காலத்தவர் வாயில் வரும் கதைக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் புகை வருவது அடுப்பிலிருந்து. சக்கரத்தைச் சுழற்றுவது ஆவி. இயங்கும் விதத்தை விளக்கும் கட்டுரையில் நீராவி என்று எழுதுவதே சரி.

அடுத்து படகா, கப்பலா? ஆங்கிலத்தில் ஆற்றிலும் கரையோரத்திலும் ஓடுவதை ஸ்டீம்போட் என்றும், கடல் கடப்பதை ஸ்டீம்ஷிப் என்றும் பெரும்பாலும் பிரித்துச் சொல்வார்கள். பெயர்களுக்கு முன்னால் வரும் எஸ்.எஸ். இந்த ஸ்டீம்ஷிப்தான், வ.உ.சி. வாங்கிய எஸ்.எஸ். காலியா, எஸ்.எஸ். லாவோ நினைவிருக்கும். அவர் 1906-இல் தொடங்கிய சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைச் சுதேசி நாவாய்ச் சங்கம் என்றும் சொல்கிறோம். நாவாய் என்ற சங்ககாலச் சொல்லை அங்கே கொண்டுவந்தது எவ்வளவு பொருத்தம்! அவர் எதிர்த்து நின்ற பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியை உருவாக்கிய வில்லியம் மக்கினன், கிளைடு முகத்துவாரத்தை ஒட்டிய கேம்பல்டவுனில் பிறந்து கிளாஸ்கோவில் வணிகம் பழகியவர்.

ஸ்டீமர் என்ற சொல் ஆங்கிலத்தில் முதலில் ஆவியில் வேகவைக்கும் பாத்திரத்தைக் குறித்தது. 1820-களில் கப்பலுக்கும் வந்தது. இன்று நம் வீடுகளில் அது திரும்பவும் பாத்திரத்துக்கே போய்விட்டதால், பழைய பயணங்களைப் பற்றி எழுதும்போது தனியாக ஸ்டீமர் என்று போட்டால் இளையவர்கள் குழம்புவார்கள்.

கிளாஸ்கோ பேச்சில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு வாழ்வும் உண்டு. அங்கே ஒருவர் ‘ஸ்டீம்போட்ஸ்’ ஆகிவிட்டார் என்றால் குடித்துத் தள்ளாடுகிறார் என்று பொருள். 1853-இல் வந்த சட்டம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்காட்லாந்தின் மதுக்கடைகளை மூடவைத்தது. படகில் போகும் பயணிகளுக்கு அந்தத் தடை இல்லை. அந்தப் படகுகளிலிருந்து வந்த வழக்கு என்று சொல்வார்கள். விடுமுறைக்கு ராத்சே, டனூன் பக்கம் கிளைடில் இறங்கிப் போவதை அவர்கள் ‘டூன் த வாட்டர்’ என்பார்கள். ‘ஆத்தோட போறது’ என்று பேச்சு நடையில் சொன்னால் அந்தத் தொனி ஓரளவு கிடைக்கும்.

ஆக, காமெட்டும் அதன் பின்வந்த ஆற்றுப் படகுகளும் நீராவிப் படகுகள்; கடல் கடப்பவை நீராவிக் கப்பல்கள். 1946-இல் கிளைடில் கட்டி இன்றும் பயணிகளை ஏற்றும் வேவர்லி போன்றவற்றுக்குத் துடுப்புச்சக்கர நீராவிக் கப்பல் என்று முழுதாக எழுதலாம். சொல் நீளம்தான், ஆனால் படிப்பவருக்கு அந்தச் சக்கரம் கண்ணில் தெரியும்.