எரிவாயுவாக்கம்: சொல்லும் பொருளும்

எண்ணூர், அத்திப்பட்டு வட்டாரத்தில் 'கேஸ்' என்றால் அடுப்படிச் சிலிண்டர் நினைவுக்கு வரும். 2023 டிசம்பர் இறுதியில் பெரியகுப்பம் கடலோரத்தில் அமோனியா கசிந்த இரவும் சேர்ந்தே நினைவுக்கு வரும். நிலக்கரி மின்சாரம் பற்றிய செய்திகளில் இப்போது அடிக்கடி தலைகாட்டும் 'கேஸிஃபிகேஷன்' (நிலக்கரியை எரியக்கூடிய வாயுவாக மாற்றும் முறை) என்ற சொல்லையும் அதே காதோடு கேட்பவர்கள், ஏற்கெனவே புகை கக்கும் நிலக்கரியிலிருந்து இனி வாயுவும் எடுக்கப் போகிறார்களா என்று ஐயுறுவது இயல்பே.

'கேஸ்' என்ற சொல் பிறந்ததே கரியிலிருந்துதான். 17ஆம் நூற்றாண்டில் பிரஸ்ஸல்ஸ் மருத்துவரான வான் ஹெல்மான்ட், 62 பவுண்டு மரக்கரியை எரித்தபோது 1 பவுண்டு சாம்பல் மட்டுமே மிஞ்சக் கண்டு, எஞ்சிய 61 பவுண்டும் கண்ணுக்குப் புலப்படாத ஏதோவொன்றாக வெளியேறியிருக்க வேண்டும் என்று கருதினார். ஒழுங்குக்கு அடங்காத ஆதிநிலையைக் குறிக்கும் 'கேயாஸ்' என்ற கிரேக்கச் சொல்லைத் தழுவி அதற்குப் பெயரிட்டார். அவர் மறைந்தபின் 1648இல் அச்சேறிய நூலின் வழியாக அப்பெயர் பரவியது. அவர் கண்டது பெரும்பாலும் இன்று நாம் கரியமில வாயு என்று சொல்வதே, அது எரியாது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் 'கேஸிஃபிகேஷன்' என்பதற்குச் சரியான தமிழைத் தேட முடியும்.

வடசென்னை அனல் மின் நிலையத்தின் முதல் கட்டத்தில் 210 மெகாவாட் திறனுள்ள 3 அலகுகளும் இரண்டாம் கட்டத்தில் 600 மெகாவாட் திறனுள்ள 2 அலகுகளும் இருக்கின்றன. அங்கு நிலக்கரியை மாவாக அரைத்து, தாராளமான காற்றோடு கொதிகலனுக்குள் செலுத்தி முழுமையாக எரித்து, அந்த வெப்பத்தால் உண்டாகும் நீராவியைக் கொண்டு டர்பைனைச் சுழற்றுகிறார்கள். புகைபோக்கி வழியே வெளியேறுவதும் வாயுதான். ஆனால் அதை மறுபடி எரிக்க முடியாது. கேஸிஃபிகேஷனில் நிலக்கரிக்கு வேண்டிய ஆக்சிஜனை முழுமையாகக் கொடுக்காமல், அளந்து குறைத்துக் கொடுத்து, நீராவியையும் சேர்த்து, அழுத்தத்திலும் உயர்வெப்பத்திலும் வைக்கிறார்கள். அப்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் மிகுந்த, இன்னும் எரியக்கூடிய ஒரு வாயுக் கலவை கிடைக்கிறது. எரித்தாலும் வாயு, இவ்வாறு மாற்றினாலும் வாயு என்றிருக்கும்போது, பலரும் எழுதும் 'வாயுவாக்கம்' இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதில்லை.

'ஆவியாக்கம்' முற்றிலும் பிழை. அது நீர் ஆவியாவதுபோன்ற நிலைமாற்றத்தைக் குறிப்பது, இங்கு நடப்பதோ வேதிமாற்றம். 'வளிமமாக்கல்' தூய தமிழ். 'வளி' சங்கப் பாடல்களிலேயே உள்ள சொல். (குறளில் "வளிவழங்கும் மல்லன்மா ஞாலம் கரி" என்று வளியும் கரியும் ஒரே பாவில் வருகின்றன, அங்கே கரி என்றால் சான்று, அடுப்புக்கரி அன்று.) ஆயினும் வாயுவாக்கத்துக்குள்ள குறை வளிமமாக்கலுக்கும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் தட்டுப்பாட்டினால் சென்னை மாகாணத்தில் ஓடிய 'கரிவாயு' பஸ்கள் இதே தத்துவத்தில் இயங்கியவை: கலத்தில் கரியைக் குறைந்த காற்றில் கனலவிட்டு, வரும் வாயுவை இயந்திரத்துக்குள் செலுத்தினார்கள். அச்சொல்லை மீட்டெடுக்கலாமே என்றால், கரியமில வாயுவோடு குழப்பம் நேரும். சமையல் எரிவாயு வழியாக எல்லார் வீட்டிலும் புழங்கும் 'எரிவாயு' என்ற சொல்லோடு ஆக்கத்தைச் சேர்த்து 'எரிவாயுவாக்கம்' என்பதே என் தேர்வு. வாயு வடசொல் என்பதால் இதை மறுப்பவர்கள் 'எரிவளியாக்கம்' என்று எழுதலாம். முன்னால் நிற்கும் 'எரி' மட்டும் விடுபடக் கூடாது. மாற்றம் நிகழும் கலத்தை 'எரிவாயுவாக்கி' எனலாம்.

அந்த 'எரி'யில்தான் மின்சாரத்துக்கான ஆதாயமும் இருக்கிறது. எரியும் வாயு கையில் இருந்தால் அதை முதலில் கேஸ் டர்பைனில் எரித்து மின்சாரம் எடுத்து, வெளிவரும் சூட்டில் நீராவி உண்டாக்கி இரண்டாவது டர்பைனையும் சுழற்றலாம். இதற்கு 'ஒருங்கிணைந்த எரிவாயுவாக்கக் கூட்டுச் சுழற்சி' என்று பெயர். வழக்கமான பழைய அனல் நிலையங்கள் நிலக்கரியின் ஆற்றலில் ஏறத்தாழ 35 விழுக்காட்டை மின்சாரமாக்க, இம்முறையில் 40 விழுக்காட்டைத் தாண்ட முடியும். கந்தகமும் எரிவதற்கு முன்பே ஹைட்ரஜன் சல்ஃபைடாக அகப்படுவதால், காற்றின் நைட்ரஜன் கலந்து பெருத்துப்போன புகையைக் கழுவுவதைக் காட்டிலும், அழுத்தத்தில் அடங்கிய சிறு கன அளவு வாயுவைக் கழுவுவது எளிது.

தரங்குறைந்த நிலக்கரியில் இது அவ்வளவு சுலபமாகக் கைகூடவில்லை. ஒடிசாவின் தால்சேரிலிருந்து பாரதீப் வழியாகக் கப்பலில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வரும் நிலக்கரி போன்றவற்றில் சாம்பல் 40 விழுக்காட்டை எட்டும். வெளிநாடுகளில் பெரிதும் பயன்படும் கலங்கள் சாம்பலை உருக்கிக் கசடாக வடிப்பவை. இவ்வளவு சாம்பலை உருக்கவே வெப்பத்தின் பெரும்பங்கு போய்விடும். அதனால் சாம்பல் உருகாத வெப்பநிலையில், கீழிருந்து வீசும் வாயுவில் நிலக்கரித் துகள்களை மிதக்கவிட்டு இயங்கும் பாய்மப் படுகை முறையே இந்திய நிலக்கரிக்கு ஏற்றது என்று கொண்டு, திருச்சியில் பெல் (BHEL) நிறுவனம் 6.2 மெகாவாட் சோதனை நிலையம் அமைத்து ஆராய்ந்தது. அமெரிக்காவின் மிசிசிப்பியில், நெய்வேலியில் கிடைப்பது போன்ற பழுப்பு நிலக்கரியை நம்பிக் கட்டப்பட்ட கெம்பர் நிலையமோ 700 கோடி டாலருக்கு மேல் விழுங்கிவிட்டு, 2017இல் எரிவாயுவாக்கத்தைக் கைவிட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாறியது.

இம்முறையைப் பற்றி எழுதுவோர் 'தூய மின்சாரம்' என்ற தொடரையும் கூடவே சேர்த்துவிடுகிறார்கள். கந்தகமும் தூசியும் குறையும்; திறன் கூடுவதால் ஒரு யூனிட்டுக்கான கரியமில வாயுவும் ஓரளவு குறையும். ஆனால் 40 விழுக்காடு சாம்பலுள்ள நிலக்கரி 1,000 டன் உள்ளே போனால், எந்த முறையானாலும் 400 டன் சாம்பல் வெளியே வரும், அதைக் கொட்ட எண்ணூருக்கு அருகே செப்பாக்கத்தில் இருப்பது போன்ற ஒரு சாம்பல் குட்டையும் வேண்டும். 'குறைமாசு மின்சாரம்' என்று எழுதுவதே பொருந்தும்.