பனியாற்றின் கரையில் வீடு கட்டிய ஆலை முதலாளி

துணி நெய்து, சாயமேற்றி, அச்சிட்டு விற்பதுதான் டேனியல் டோல்ஃபுஸ்-ஓசேயின் குடும்பத் தொழில். 1797இல் பிறந்தவர், இன்று பிரான்சில் உள்ள அல்சாஸ் பகுதியின் முலூஸ் நகரைச் சேர்ந்தவர். எம்பிராய்டரி செய்பவர்களுக்கு இன்றும் பழக்கமான டி.எம்.சி. நூல் அந்தக் குடும்ப நிறுவனத்தின் பெயரால் வருவதுதான். சாயத்துக்காக வேதியியல் கற்ற இவர், நடுவயதில் சுவிட்சர்லாந்தின் பனியாறுகளிடம் மனத்தைப் பறிகொடுத்தார்.

பனியாறு ஓடுகிறது என்பதை மலைவாசிகள் அறிந்திருந்தார்கள். எவ்வளவு வேகம், எங்கே அதிகம் என்பதற்குத்தான் விடை வேண்டியிருந்தது. ஊன்டரார் பனியாற்றின்மேல் 1827இல் ஹூகி என்ற ஆய்வாளர் ஒரு குடிசை கட்டினார். 1841இல் அது ஏறத்தாழ 1.4 கிலோமீட்டர் கீழே இருந்தது! அதே ஆண்டு சுவிஸ் இயற்கை ஆய்வாளர் லூயி அகாசி பனியாற்றுக்குக் குறுக்கே ஆறு கழிகளை நட்டார். மறு ஆண்டு பார்த்தபோது ஓரக் கழி 125 அடி நகர்ந்திருந்தது. நடுவில் நின்ற கழியோ 269 அடி.

இந்த வேறுபாட்டில்தான் விஷயம் இருக்கிறது. சுத்தியலால் தட்டினால் நொறுங்கும் பனிக்கட்டி, நூற்றுக்கணக்கான மீட்டர் தடிமனில் சரிவில் கிடக்கும்போது தன் எடையாலேயே மெல்ல உருமாறுகிறது. ஒவ்வொரு படிகத்துக்குள்ளும் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவுகின்றன. கரைப்பாறையின் உராய்வு ஓரத்தைப் பிடித்து நிறுத்த, நடுப்பகுதி முந்துகிறது. இதோடு, உருகிய நீர் அடியில் புகுந்தால் முழுப் பனியாறுமே தரைமீது வழுக்குகிறது. கோடையில் வேகம் கூடுவது அதனால்தான்.

ஆனால் ஓடும் பனியின்மேல் நின்றுகொண்டு அதன் ஓட்டத்தை அளக்க முடியாது. அகாசியின் குழு 1840இல் தங்கிய பெரும்பாறையும் பனியோடு சேர்ந்து பயணம் செய்தது. அசையாத இடம் ஒன்று தேவை. டோல்ஃபுஸ் தன் செலவில் இடது கரைப் பாறையின்மேல் ஒரு வீடு கட்டினார். அவருடைய கொடைகளில் எனக்கு மிகப் பெரியதாகத் தோன்றுவது இதுதான். அகாசி 1846இல் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். டோல்ஃபுஸ் அளவீட்டைக் கைவிடவில்லை. பதவியோ பட்டமோ கேட்காமல், தன் அளவுகளையும் பிறர் எழுதியவற்றையும் திரட்டி, 1863 முதல் பல தொகுதிகளாக வெளியிட்டார்.

பனியாறு நீள்வதும் சுருங்குவதும் மேலே விழும் பனிக்கும் கீழே உருகும் பனிக்கும் இடையிலான கணக்கு. ஓட்டத்தை மட்டும் அளந்தால் அதில் பாதிதான் தெரியும். உயரத்து வானிலையும் தெரியவேண்டும். அதனால் 1865இல், சுவிட்சர்லாந்து-இத்தாலி எல்லையில் ஏறத்தாழ 3,300 மீட்டர் உயரமுள்ள தியோடுல் கணவாயில் ஒரு வானிலை நிலையம் அமைத்தார். கடுங்குளிர் காலத்திலும் அங்கேயே தங்கிக் குறிப்பெடுக்க ஆட்களை அமர்த்தினார். ஆல்ப்ஸின் அந்த உயரத்தில் ஓராண்டு முழுவதற்குமான வெப்பநிலையும் காற்றழுத்தமும் அப்படித்தான் ஏட்டில் ஏறின. அவர் 1870இல் காலமானார்.