தெளிந்த இரவு விதைக்கும் பனிச்சரிவு

"சென்னையில் ஐ.டி. வேலை பார்க்கும் என் பையன் டிசம்பர் கடைசியில் உத்தராகண்டில் ட்ரெக்கிங் போகிறானாம். பனிச்சரிவு வருமா? சத்தம் போட்டாலே மலை சரியும் என்கிறார்களே?" வலங்கைமான் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

சத்தத்தை முதலில் தள்ளிவிடுவோம். மனிதக் குரலுக்கு அந்தத் தெம்பு கிடையாது. அது சினிமா கட்டிவிட்ட கதை. மலையேறவும் பனிச்சறுக்கவும் போய் பனிச்சரிவில் இறந்தவர்களில் சுமார் பத்தில் ஒன்பது பேருக்கு, சரிவைக் கிளப்பியது அவர்கள் காலோ கூட வந்தவர் காலோதான். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் 10 பேர் புதைந்தது நமக்கெல்லாம் நினைவிருக்கும். அங்கே இடிந்து விழுந்தது பனிக்கட்டிச் சுவர். அது வேறு ரகம். உங்கள் பையன் அஞ்ச வேண்டியது பலகைச் சரிவுக்கு. இறுகிய பனி அடுக்கு ஒன்று, அடியில் பிடிமானம் விட்டு, அப்படியே பாளமாகக் கழன்று வருவது.

பிடிமானம் ஏன் விடுகிறது? அதற்கான விடை நம் வயலிலேயே இருக்கிறது.

தை மாத விடியலில் சம்பா வயல் வரப்பில் நடந்தால் வேட்டி முழங்கால்வரை நனையும். (இலை நுனியில் உருண்டு நிற்கும் சொட்டு பெரும்பாலும் பயிரே கசியவிட்டது, இலைப்பரப்பு முழுக்கப் படிந்திருப்பதுதான் பனி.) மேகம் மூடிய இரவிலும் காற்றடிக்கும் இரவிலும் பனி அவ்வளவாக இறங்காது என்பது ஈரத்தில் பரவும் நெல் குலைநோய்க்குப் பயந்து வானத்தைப் பார்க்கும் எந்த விவசாயிக்கும் தெரியும். தெளிந்த வானத்தின் கீழ் இலை தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக மேலே இறைத்துவிடுகிறது. திருப்பித் தர மேகம் இல்லை. சுற்றியுள்ள காற்றைவிட இலை குளிர்ந்துபோக, காற்றின் ஈரம் அதன்மேல் படிகிறது.

இமயத்திலும் இதேதான் நடக்கிறது. அகச்சிவப்பை உமிழ்வதில் வெண்பனி படு கெட்டி; தெளிந்த இரவில் அதன் மேற்பரப்பு காற்றைவிட வெகுவாகக் குளிர்ந்துவிடும். அங்கே படியும் நீராவி தண்ணீராகாமல் நேரே படிகமாகிறது. இறகு இறகாக, நிமிர்ந்து, விரல் நகமளவுக்கு வளரும். சில சமயம் இன்னும் பெரிதாகவும். காலை வெயிலில் அது மினுங்குகிற மினுங்கலைப் போட்டோ எடுக்காமல் யாரும் நகரமாட்டார்கள். பலமான காற்றோ வெயிலோ அதை அழித்துவிட்டால் ஆபத்தில்லை. அழியும் முன்னே அதன்மேல் புதுப்பனி பொழிந்தால்தான் வினை. இறகுகள் நொறுங்காமல், நின்ற வாக்கிலேயே புதைந்துவிடுகின்றன.

தளத்துக்கு காங்கிரீட் போடும்போது அடியில் நிறுத்தும் சவுக்கு முட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். மேலிருந்து எவ்வளவு பாரம் வந்தாலும் தாங்கும். பக்கவாட்டில் தள்ளினால் போச்சு. புதைந்த படிகங்களும் அப்படித்தான். வாரக்கணக்கில் பனியைச் சுமந்து நிற்கும். ஒருவர் கால் வைத்த இடத்தில் சில முட்டுகள் சாய்ந்தால், அந்தப் பாரம் பக்கத்து முட்டுகளுக்குப் போக, முறிவு கண்ணிமைக்கும் நேரத்தில் சரிவு முழுக்க ஓடுகிறது. 'வும்ஃப்' என்று அடித்தொண்டையில் ஒரு சத்தம் கேட்கும். சமவெளியானால் பனி லேசாக அமிழ்வதோடு சரி. 30 முதல் 45 டிகிரி சாய்வானால் பாளம் கிளம்பிவிடும்.

ஆக, பையன் கையில் இருக்கும் போனே சாய்வை அளக்கும். 30-க்கு மேற்பட்ட சரிவிலும் அதன் அடிவாரத்திலும் நிற்கவேண்டாம். கடக்கவே வேண்டுமென்றால் ஒருவர் பின் ஒருவராக, மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க. பெரும்பனி பொழிந்த மறுநாளும், காற்று பனியை வாரிக் குவித்த பக்கமும், பனி விரிசல் விடும் இடமும் கூடாது. புறப்படுமுன் தேங்காய் உடைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, சாய்வை அளந்துவிட்டு உடைக்கட்டும்.

சண்டிகரில் ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் கீழ் உள்ள ஆய்வகம் இமயத்துக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. என்னைக் கேட்டால், செயற்கைக்கோளுக்குத் தரும் மரியாதையில் பாதியையாவது, மலையில் குழி வெட்டி அடுக்கு அடுக்காகப் பனியைத் தடவிப் பார்க்கும் ஆளுக்கும் தரவேண்டும். புதைந்த இறகு கைக்குத்தான் தட்டுப்படும்.

புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடுவார். அரைமணி தாண்டினால் நம்பிக்கை மளமளவென்று சரியும். கீழிருந்து மீட்புப்படை வர அவகாசமில்லை, கூட இருப்பவர்தான் தோண்டவேண்டும். எனவே புதைந்தவர் இருக்குமிடத்தைக் காட்டும் சிக்னல் கருவி ஆளுக்கொன்று, குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மண்வெட்டி மூன்றும் தருகிறார்களா என்று ட்ரெக்கிங் நடத்துபவரிடம் பணம் கட்டுமுன் கேட்கச் சொல்லுங்கள். போனை அந்தக் கருவியிலிருந்து 20 செ.மீ.யாவது தள்ளி வைக்கட்டும், தேடும்போது 50. இல்லாவிட்டால் சிக்னலைக் குழப்பும்.