பீடி தொடாதவருக்கும் வரும் நுரையீரல் அடைப்பு நோய்

காரைக்குடி, பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கங்களில் கல்யாணத்துக்கும் அறுபதாம் ஆண்டுச் சாந்திக்கும் சீடை, தேன்குழல், அதிரசம் என்று அண்டா அண்டாவாகச் சுட்டுக் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்ட ஓர் ஆச்சிக்கு, ஐம்பது வயதைத் தாண்டியபின் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, விடிகாலையில் சளியோடு இருமல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பீடி, சிகரெட் பழக்கம் உண்டா என்ற கேள்விக்கு அவர் இல்லை என்றுதான் சொல்வார். அந்த ஒரு பதிலோடு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்ற ஐயம் பல நேரங்களில் கைவிடப்பட்டு, இருமல் மருந்து மட்டும் எழுதப்படுகிறது. எத்தனை ஆண்டுகள், எந்த அடுப்பில் சமைத்தீர்கள் என்பது அடுத்த கேள்வியாக இருந்திருக்க வேண்டும். சிஓபிடி என்று மருத்துவர்கள் சுருக்கிச் சொல்லும் இந்நோய்க்கு உலக அளவில் புகைபிடித்தலே முதன்மைக் காரணம் என்றாலும், நம் ஊர்ப் பெண்களிடம் அதன் வேர் பெரும்பாலும் அடுப்படியில் இருக்கிறது.

சிவகங்கைச் சீமையில் எளிதில் கிடைக்கும் விறகு சீமைக்கருவேலம். எந்த விறகும் முழுமையாக எரிவதில்லை. ஈரம் இருந்தால் இன்னும் மோசம். எரியாமல் மிஞ்சுவது கார்பன் மோனாக்சைடாகவும், 2.5 மைக்ரானுக்கும் குறைந்த நுண்துகள்களாகவும் வெளியேறுகிறது. தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே உள்ள இத்துகள்களை மூக்கோ தொண்டையோ வடிகட்ட முடியாது. ஒரு கன மீட்டர் காற்றில் இவை நாள் சராசரியாக 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் வரையறுத்தது. விறகடுப்பு எரியும் அடுப்படியில், சமைக்கும் நேரத்தில், அந்த அளவு பல நூறுகளைத் தொடும். பெரிய வீடுகளில் அடுப்படி வீட்டின் கடைசிக் கட்டுப் பகுதியில் இருப்பதாலும், வளவு என்னும் நடுமுற்றம் வானம் பார்த்துத் திறந்திருப்பதாலும் வீட்டிலுள்ள மற்றவர்கள் ஓரளவு தப்பித்தார்கள். அடுப்புக்கு நேரே குனிந்து ஊதுகுழலால் ஊதுபவருக்கு அந்தக் கட்டடக்கலை அவ்வளவாக உதவுவதில்லை. ஒவ்வொரு முறை ஊதுவதற்கு முன்பும் அவர் ஆழமாக இழுப்பது அந்தப் புகையைத்தான்.

உள்ளே போன துகள்களை நுரையீரலின் காவல் செல்கள் விழுங்குகின்றன; விழுங்கிய கையோடு வெள்ளணுக்களைத் துணைக்கு அழைக்கின்றன. வந்த வெள்ளணுக்கள் வெளிவிடும் எலாஸ்டேஸ் என்ற நொதி, கிருமியை மட்டுமல்லாமல் நுரையீரலின் மீள்தன்மை கொண்ட இழைகளையும் அரிக்கிறது. இந்த நொதியை அடக்குவதற்கு ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் என்ற புரதம் நம் இரத்தத்தில் உண்டு; பிறவியிலேயே அது குறைந்தவர்களுக்கு நுரையீரல் இளவயதிலேயே சிதைகிறது என்பது 1963இல் சுவீடனில் தெரியவந்தபின்தான், சிதைவின் வழி தெளிவாகப் புரிந்தது. இன்னொரு பக்கம், 2 மில்லிமீட்டருக்கும் குறுகலான சிறு மூச்சுக்குழல்களின் சுவர் தடித்து, சளி சுரக்கும் செல்கள் பெருகுகின்றன. விறகுப் புகையால் வரும் நோயில் காற்றறைச் சிதைவைவிட இந்தக் குழல் தடிப்பே மிகுதி; குழலின் உட்சுவரில் கரி படிந்த கறுப்புத் திட்டுகளைக்கூட உள்நோக்கியில் காணலாம்.

சேதமுற்ற குழல்கள் மூச்சை இழுக்கும்போது திறந்துகொண்டாலும் விடும்போது சுருங்கி மூடிவிடுகின்றன. பழைய காற்று முழுதும் வெளியேறுமுன் அடுத்த மூச்சு வந்துவிடுவதால், பாதி நிறைந்த குடத்தில் மேலும் தண்ணீர் ஊற்றுவதுபோல, புதுக் காற்றுக்கு உள்ளே இடமில்லாமல் போகிறது. ‘மூச்சு உள்ளே போகவில்லை’ என்று நோயாளி சொன்னாலும் கோளாறு வெளிவிடுவதில்தான் இருக்கிறது. பழைய காசநோய்த் தழும்பு, குழந்தைப் பருவத்தில் வந்த கடும் நிமோனியா, அரிசி ஆலைத் தூசி, கவனிக்காமல் விட்ட ஆஸ்துமா ஆகியவையும் இதே நிலைக்குக் கொண்டுவரலாம்.

நோயை உறுதி செய்வது ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனை. 1846இல் இங்கிலாந்தின் ஜான் ஹட்சின்சன் உருவாக்கிய கருவியின் வழித்தோன்றல் இது. மூக்கில் கிளிப் மாட்டி, முடிந்தமட்டும் மூச்சை நிரப்பி, ஒரே மூச்சில் வேகமாக ஊதத் தொடங்கி, குறைந்தது ஆறு விநாடியாவது நிறுத்தாமல் ஊத வேண்டும். பக்கத்தில் நிற்பவர் ‘இன்னும், இன்னும், விடாதீங்க’ என்று ஊக்கப்படுத்தாவிட்டால் முடிவு தவறாகவே வரும். மூச்சுக்குழலை விரிக்கும் மருந்தான சால்பியூட்டமால் கொடுத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். அப்போது மொத்தம் 2 லிட்டர் வெளியேறி, முதல் விநாடியில் 1.1 லிட்டர் மட்டுமே வந்திருந்தால் விகிதம் 0.55. இந்த விகிதம் 0.70க்குக் கீழே இருந்தால் அடைப்பு உண்டு. விகிதம் சரியாக இருந்து மொத்த அளவு மட்டும் குறைந்தால் நுரையீரல் இறுகும் நோய்களைத் தேட வேண்டும். எக்ஸ்ரே தொடக்க நிலையில் சுத்தமாகவே இருக்கலாம். காசநோயும் புற்றும் இல்லை என்று பார்க்க அது தேவை. எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பப்பட்டவர்கள் ஊதிப் பார்க்கும்படி தாங்களே கேட்பது நல்லது.

போன இழை திரும்பி வராது. சரிவின் வேகத்தைக் குறைக்க முடியும். புகைபிடிப்பதை விட்டவர்களின் நுரையீரல் மெதுவாகவே தளர்கிறது என்பதை பிரிட்டன் ஆய்வாளர்கள் ஃபிளெட்சர், பீட்டோ இருவரின் ஆய்வு 1977இல் காட்டியது. ஆகவே எரிவாயு அடுப்புக்கு மாறுவதும் சிகிச்சையின் பகுதியே. வீட்டுச் சமையலுக்கு அது வந்துவிட்டாலும், நூறு பேருக்குப் பலகாரம் சுடும் இடத்தில் சிலிண்டர் செலவு கட்டுப்படியாகாமல் விறகுக்கே திரும்புகிறவர்கள் உண்டு. அவர்களிடம் புகைபோக்கி, காய்ந்த விறகு, திறந்த வெளி என்று பேசுவதே நடைமுறை.

மருந்தில் முதன்மையானது இன்ஹேலர். ‘பம்ப் பிடித்தால் பழகிவிடும்’ என்ற பயத்தில் மாத்திரை கேட்பவர்கள் இக்கணக்கைப் பார்க்கலாம்: சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம், பம்பின் ஓர் அழுத்தத்தில் 100 மைக்ரோகிராம், அதாவது நாற்பதில் ஒரு பங்கு. மருந்து நேரே குழலுக்குப் போவதால் அவ்வளவே போதுகிறது. கை நடுக்கமும் படபடப்பும் குறைகின்றன. அழுத்தும் பம்பில் மெதுவாக இழுக்க வேண்டும், பொடி இன்ஹேலரில் வேகமாக இழுக்க வேண்டும். இரண்டிலும் பத்து விநாடி மூச்சை அடக்க வேண்டும். அழுத்துவதும் இழுப்பதும் ஒத்துவராத முதியவர்களுக்கு, பம்போடு பொருத்தும் ஸ்பேசர் குழாய் பெரிய துணை. நாள்தோறும் எடுக்க டையோட்ரோபியம் போன்ற நீண்டநேர மருந்துகள் உண்டு. ஸ்டீராய்டு இன்ஹேலர் எல்லோருக்கும் தேவையில்லை. எடுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்பாவிட்டால் வாயில் பூஞ்சை படியும். நடைப்பயிற்சியும், உதட்டைக் குவித்து மூச்சுவிடும் பயிற்சியும் மருந்தோடு சேர்ந்து நல்ல பலன் தருபவை. இரத்த ஆக்சிஜன் ஓய்விலும் 88 சதவீதமோ அதற்குக் கீழோ நிலைத்துவிட்டவர்களுக்கு, நாளுக்குக் குறைந்தது 15 மணி நேரம் ஆக்சிஜன் கொடுப்பது ஆயுளை நீட்டிக்கிறது.

ஃப்ளூ, நிமோகாக்கஸ் தடுப்பூசிகள் போட்டுக்கொள்வது அவசியம். ஏனெனில் சாதாரணச் சளியே இவர்களின் நோயைத் திடீரெனத் தீவிரமாக்கக்கூடும். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறி, இளைப்பு வழக்கத்தைவிடக் கூடினால் மறுநாளைக்குத் தள்ளாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உதடு நீலம் பாரித்தாலோ, பேச்சுக் குழறித் தூக்கக் கலக்கம் வந்தாலோ இரத்தத்தில் கரியமில வாயு தேங்கியிருக்கலாம் என்பதால், எந்த நேரமானாலும் 108ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.