பேக்ஃபயருக்குப் 'பின்வெடிப்பு' சரியான சொல்லா?

ஆக்சிலேட்டரை விட்டதும் பைக் சைலன்சரில் டப் டப்பென்று ஒரு சத்தம் வருகிறதே, ஆங்கிலத்தில் பேக்ஃபயர் என்கிறார்களே, அதைப் 'பின்வெடிப்பு' என்று எழுதும் வழக்கம் பரவிவிட்டது. வாகனப் பக்கங்களிலும் மொழிபெயர்த்த கையேடுகளிலும் வீடியோ தலைப்புகளிலும் அதே சொல்தான். பேக் என்றால் பின், ஃபயர் என்றால் வெடிப்பு என்று ஒட்டிவிட்டார்கள். இதை நம்பிப் படிக்கிறவர் வண்டியில் தவறான இடத்தைக் கழற்றுவார் என்பதுதான் என் கவலை.

முதலில் மூலச்சொல். பேக்ஃபயர் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பிறந்த சொல். புல்வெளியில் தீ பரவி வரும்போது, அது வரும் வழியில் இருக்கும் புல்லை முன்கூட்டியே எரித்துவிடுவார்கள். வருகிற தீக்கு இரை இருக்காது. அந்த எதிர்த்தீக்குத்தான் முதலில் இந்தப் பெயர். பெட்ரோல் இன்ஜின் வந்த பிறகு சொல் அங்கே குடியேறியது. ஆக, இதில் உள்ள 'பேக்' முதுகுப்பக்கத்தைக் குறிக்கவில்லை, எதிர்த் திசையைக் குறிக்கிறது.

இன்ஜினிலும் அப்படித்தான். பெட்ரோல் கலவையை உள்ளே விடும் இன்டேக் வால்வு மூடுவதற்குள் சிலிண்டரில் தீப்பிடித்தால், கலவை வந்த வழியே தீ திரும்பி, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் பக்கம் பாயும். கறாராகச் சொன்னால் இதுதான் பேக்ஃபயர். சைலன்சரில் வெடிப்பது வேறு சங்கதி. சிலிண்டரில் எரியாமல் தப்பிய பெட்ரோல் ஆவி சூடான குழாய்க்குள் போய், அங்கே காற்று கிடைத்ததும் பற்றிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு ஆஃப்டர்ஃபயர் என்று தனிச்சொல்லே உண்டு. ஆனால் பேச்சில் ஆங்கிலேயர்களும் அமெரிக்கர்களுமே இரண்டையும் பேக்ஃபயர் என்று சொல்லிவிடுகிறார்கள். அவர்களுடைய அந்தக் குழப்பத்தைத்தான் நம் மொழிபெயர்ப்பாளர்கள் அப்படியே இறக்குமதி செய்திருக்கிறார்கள்.

இரண்டையும் பிரித்துச் சொல்லாவிட்டால் கோளாறைக் கண்டுபிடிக்க முடியாது. கார்புரேட்டர் பக்கம் தீ திரும்பினால் இக்னிஷன் டைமிங் (பிளக் தீப்பொறி விடும் நேரம்), இன்டேக் வால்வு, பெட்ரோல் குறைந்த கலவை என்று பார்க்கவேண்டும். சைலன்சரில் வெடித்தால் முதலில் குழாய் இன்ஜினோடு சேரும் மூட்டைக் குனிந்து பாருங்கள். அங்கே இடைவெளியை அடைக்கும் கேஸ்கெட் போயிருந்தால் மூட்டைச் சுற்றிக் கரி படிந்திருக்கும். காலையில் வண்டியைக் கிளப்பியதும் டிக் டிக்கென்று கேட்கும். இரும்பு சூடாகி விரிந்ததும் அந்தச் சத்தம் குறையும். அந்த இடைவெளியில்தான் வெளிக்காற்று உள்ளே புகுகிறது. அப்புறம், புகையைக் குறைக்க, சிலிண்டரிலிருந்து புகை வெளியேறும் வாயான எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குள் புதுக்காற்று விடும் வால்வு ஒன்று பல வண்டிகளில் உண்டு. ஆக்சிலேட்டரை விடும்போது அது மூடிக்கொள்ளவேண்டும். மூடாவிட்டால் இறக்கத்தில் இறங்கும்போதெல்லாம் வெடிதான்.

இனி 'பின்வெடிப்பு' என்ற சொல்லுக்கு வருகிறேன். 'வெடிப்பு' என்றதும் தமிழர் மனதில் முதலில் என்ன தோன்றும்? பாதவெடிப்பு. சுவரில் வெடிப்பு. கோடையில் வெடிப்பு விட்ட வயல். பிளவு என்பது அந்தச் சொல்லின் வலுவான பொருள். 'குண்டுவெடிப்பு' என்றால் குழப்பம் இல்லை, குண்டு என்ற சொல் காப்பாற்றுகிறது. ஆனால் 'சைலன்சரில் பின்வெடிப்பு' என்று எழுதினால், சைலன்சரின் பின்பகுதியில் பிளவு விழுந்திருக்கிறது என்று ஒருவர் படித்தால் அவர்மேல் என்ன குற்றம்? அதுவும் நடக்கக்கூடிய கோளாறுதான். துருப்பிடித்து வெல்டிங் விட்டுப்போன சைலன்சர் எத்தனையோ உண்டு, அதுவும் சத்தம் போடும். ஒரு கோளாறின் பெயர் பக்கத்துக் கோளாறின் பெயராகவும் படிக்கப்படுமானால் அதை எப்படிக் கலைச்சொல் என்பது?

'பின்' மட்டும் ஒழுங்கா என்றால் அதுவும் இல்லை. பின்விளைவு என்றால் பிறகு வரும் விளைவு, பின்பக்கம் என்றால் பின்னால் உள்ள பக்கம். எதிர்த்துத் திரும்பிவருவதைப் 'பின்' சொல்லாது. அதற்குத் தமிழில் 'திருப்பி' இருக்கிறது. பழைய புல்லட்டில் டைமிங் தப்பியிருந்தால் 'கிக்கர் திருப்பி அடிக்கும்' என்று எந்த மெக்கானிக்கும் எச்சரிப்பார். இன்ஜின் எதிர்ப்பக்கம் சுற்ற முயல்வதை இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது. பட்டறைத் தமிழ் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது, அகராதியைப் புரட்டி ஒட்டுப்போட்டது எதற்கு?

கார்புரேட்டர் பக்கம் திரும்புவதற்கு 'எதிர்த்தீ' என்பதே என் தேர்வு. மூலச்சொல்லின் பழைய பொருளும் அதில் நிற்கிறது. சைலன்சர் சத்தத்துக்கு 'சைலன்சர் வெடி' போதும். 'சைலன்சர்ல வெடிக்குது' என்று பட்டறையில் ஏற்கெனவே சொல்வதைப் பெயராக்கியதுதான் அது. வெடிப்பு வேறு, வெடி வேறு. வெடி என்றால் சத்தத்தோடு வெடிப்பது, அதில் பிளவின் வாடையே இல்லை. சைலன்சர் ஆங்கிலமாயிற்றே என்பவர்கள் 'புகைக்குழாய் வெடி' என்று தாராளமாக எழுதலாம். 'ஒலியடக்கி வெடி' மட்டும் வேண்டாம். ஒலியடக்கியே வெடித்துச் சிதறியது போலக் கேட்கிறது.

கையேடு மொழிபெயர்ப்பவர்களிடம் எனக்கு இருக்கும் மனக்குறை இந்த ஒரு சொல்லோடு நிற்பதில்லை. 'மிஸ்ஃபயர்' என்பதைத் 'தவறான தீ' என்று எழுதுகிறார்கள். தீ பிடிக்காமல் போவதுதான் அங்கே கோளாறு. 'மிஸ்ஸாகுது' என்று பட்டறையில் சொல்வதை வைத்துக்கொள்ளலாம், தமிழ் வேண்டுமென்றால் 'எரியாத் தவறல்' என்று எழுதலாம். மொழிபெயர்க்க உட்காருகிறவர் ஒரு நாள் பட்டறையில் நின்று, வண்டியைக் கொண்டுவருகிறவர் தன் வாயால் என்ன சொல்கிறார் என்று கேட்டுவிட்டு எழுதட்டும்.