லைட் எரியுது, ஹாரன் அடிக்குது, அப்புறம் ஏன் செல்ஃப் எடுக்கல?

போன வாரமும் ஒரு நல்ல பேட்டரி அநியாயமாகப் பழைய சாமான் விலைக்குப் போய்விட்டது. தனுஷ்கோடி அரிச்சல்முனை பார்க்க வந்த வெளியூர்க் குடும்பம். கிளம்பும்போது வண்டி செல்ஃப் எடுக்கவில்லை. ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். யாரோ வந்து பார்த்து, “பேட்டரி போயிருச்சு சார்” என்று சொல்லிப் புதுசு மாட்டிவிட்டிருக்கிறார். பழையது எக்ஸ்சேஞ்சில் போயாச்சு. மறுநாள் டீக்கடையில் நிறுத்திய வண்டி திரும்பவும் அதே ‘டக்’. என் கடைக்கு வந்தபோது பார்த்தால், பேட்டரி மைனஸிலிருந்து போகும் எர்த் கேபிள் பாடியோடு சேருகிற போல்ட் துருவேறி, கேபிள் நுனியின் உலோகக் காது, அதாவது லக், முழுக்கப் பச்சை பூத்துக் கிடக்கிறது. ஒரு ஸ்பேனர், ஒரு துண்டு உப்புத்தாள், கால் மணி நேர வேலை. பேட்டரி மேல் தப்பே இல்லை.

“லைட் நல்லா எரிஞ்சுதேண்ணே, ஹாரனும் அடிச்சுது. இணைப்புல கோளாறுன்னா அதெல்லாம் எப்படி வேலை செய்யும்?” என்று கேட்டார் வண்டிக்காரர். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது. டிரைவர்களை விடுங்கள், மெக்கானிக்குகளே கேட்கிறார்கள்.

ஹெட்லைட் பல்பு ஒன்று 55, 60 வாட். இரண்டும் சேர்ந்து இழுப்பது சுமார் 10 ஆம்பியர். செல்ஃப் மோட்டார் இழுப்பது சின்ன பெட்ரோல் காரிலேயே 100, 150 ஆம்பியர். டீசல் வண்டியில் இன்னும் அதிகம். இப்போது டெர்மினலில், அதாவது பேட்டரி முனையும் கேபிள் கிளாம்பும் சேரும் இடத்தில், உப்புப் பூத்து 0.02 ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். லைட் போட்டால் அந்த இணைப்பில் வீணாவது 0.2 வோல்ட். கண்ணுக்கே தெரியாது. அதே இணைப்பில் 150 ஆம்பியர் போக வேண்டும் என்றால் 3 வோல்ட் அங்கேயே எரிந்துபோகும். மிச்சத்தை வைத்து செல்ஃப் எப்படிச் சுற்றும்? உளுத்த பனந்தடியில் ஆட்டுக்குட்டி ஓடையைத் தாண்டிவிடும், ஆள் ஏறினால் முறியும். லைட் எரிவது ஆட்டுக்குட்டி தாண்டின கதைதான். அதை வைத்து இணைப்புக்குச் சான்றிதழ் கொடுக்காதீர்கள்.

இதைவிட ஏமாற்றுகிற இடம் ஒன்று உண்டு. பக்கத்து வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டதும் ஸ்டார்ட் ஆகிவிடும். உடனே, “பாத்தீங்களா, பேட்டரிதான் அவுட்டு” என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். ஜம்பரின் கவ்வியை எங்கே மாட்டினீர்கள்? வண்டியின் கேபிள் கிளாம்ப் மேலேயும் எஞ்சின் இரும்பிலேயும். பூத்துப்போன இணைப்பைச் சுற்றிக்கொண்டு கரண்ட் வேறு வழியில் போய்விட்டது. அது பேட்டரி கெட்டதற்குச் சாட்சி இல்லை, பல நேரம் இணைப்பு கெட்டதற்குத்தான் சாட்சி.

மல்டிமீட்டர் இருந்தால் சண்டையே வேண்டாம். சில மணி நேரம் ஓடாமல் நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் அருகில் காட்டினால் சார்ஜ் இருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் காலி, முதலில் சார்ஜ் போட்டுப் பாருங்கள். அப்புறம்தான் முக்கியமான சோதனை. மீட்டரின் ஒரு முள்ளைக் காரீய முனையின் தலையிலேயே வையுங்கள், இன்னொன்றை அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப் மேல் வையுங்கள். ஒருவரைச் சாவி திருகச் சொல்லுங்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டுதானே இருக்கின்றன? மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் காட்டினால் திருடன் அங்கேதான். அதே மாதிரி மைனஸ் முனைக்கும் எஞ்சின் இரும்புக்கும் இடையில் வைத்துத் திருகிப் பாருங்கள். 0.2, 0.3-க்கு மேல் போனால் எர்த் பக்கம் கோளாறு. செல்ஃப் திருகும்போதுதான் இதைப் பார்க்க வேண்டும். சும்மா நிற்கும் வண்டியில் மீட்டர் வைத்து “எல்லாம் சரி” என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

மீட்டர் இல்லையா? நாலைந்து தடவை திருகிவிட்டு இணைப்புகளைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். எது சுடுகிறதோ அதுதான்.

நம் கரையில் இது ஏன் இத்தனை அதிகம் என்று சொல்லத் தேவையில்லை. கச்சான் அடித்தால் தென்கடல் காற்று, வாடை அடித்தால் வடகடல் காற்று, எப்படியும் உப்புதான். போதாததற்கு வாட்டர் வாஷில் பானட்டைத் திறந்துவிட்டுப் போர்த் தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள். அந்தத் தண்ணீரே உப்பு. ஐஸ் தண்ணி ஒழுகுகிற மீன் வண்டிகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். மேலே தெரிகிற டெர்மினலையாவது ஆள் பார்ப்பார்கள். பாடி எர்த், கியர்பாக்ஸ் எர்த் இரண்டையும் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. இந்தப் பக்கத்து வண்டியில் நான் முதலில் பார்ப்பதே அங்கேதான். எஞ்சின் எர்த் போய்விட்டால் கரண்ட் கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். கேபிள் சூடேறி உறை உருகிய வண்டியெல்லாம் வந்திருக்கிறது.

சுத்தம் செய்வது பெரிய வித்தை இல்லை. எஞ்சினை அணையுங்கள். மைனஸை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். வரிசை மாறி, பிளஸில் இருக்கும் ஸ்பேனர் பாடியில் பட்டால் என்ன ஆகும் என்று ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஆப்ப சோடாவைக் கரைத்து ஊற்றினால் வெள்ளையும் பச்சையும் நுரைத்துக் கரையும். மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும், சோடா உள்ளே போனால் ஆசிட் கெட்டுவிடும். பிறகு நல்ல தண்ணீர், காவிரித் தண்ணீர் வந்தால் அது. நன்றாகக் காயவிட்டு, முனையையும் கிளாம்பின் உள்பக்கத்தையும் பளிச்சென்று தேய்த்து, மாட்டி இறுக்குங்கள். வாசலின் தடவுவது அதற்கப்புறம், வெளியே மட்டும். தடவிவிட்டு மாட்டாதீர்கள். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள், தயவுசெய்து. அந்தத் தூளில் ஆசிட் இருக்கிறது.

கிளாம்ப் லூஸ் என்றால் ஆணி, சிகரெட் தாள், செப்புக் கம்பி என்று எதையும் சொருகாதீர்கள். மெல்லிய முனை பேட்டரிக்குத் தடித்த முனைக் கிளாம்ப் மாட்டியிருப்பார்கள், அதற்கென்று காரீயப் புஷ் கடையில் கிடைக்கிறது. இறங்கவில்லை என்று சுத்தியலால் அடித்தால் முனையின் அடி விரிந்து ஆசிட் கசியும், அப்புறம் எவ்வளவு துடைத்தாலும் பூக்கும்.

டைனமோ வேலை செய்கிறதா என்று பார்க்க, ஓடுகிற எஞ்சினில் டெர்மினலைப் பிடுங்குகிற பழக்கம் இன்னும் சாகவில்லை. பழைய அம்பாசிடரில் தப்பித்திருக்கலாம். இன்றைய வண்டியில் அந்த நொடியில் எகிறுகிற வோல்டேஜ், எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசிஎம்மைக் கொன்றுவிடலாம். டைனமோ சரியாக இருந்தால், எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் மீட்டர் வைத்தால் பொதுவாக 13.8-லிருந்து 14.5 வோல்ட்டுக்குள் காட்டும், வேலை முடிந்தது. அதுவரை பீடியையும் தள்ளி வையுங்கள், சார்ஜ் ஆகிற பேட்டரி ஹைட்ரஜன் விடும்.

“மெயின்டனன்ஸ் ஃப்ரீ பேட்டரிண்ணே” என்று சொல்பவர்களுக்கு: தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்பதுதான் அது. டெர்மினலை உப்பு தின்னாது என்று யாரும் எழுதித் தரவில்லை.

கீழக்கரைப் பக்கம் வெளிநாட்டில் இருப்பவர்களின் வண்டி மாதக்கணக்கில் போர்டிகோவில் நிற்கிறது. ஊருக்குப் போகும் முன் மைனஸைக் கழற்றி, துணி சுற்றி ஒதுக்கி வையுங்கள். நின்றபடியே 50 மில்லி ஆம்பியர் குடிக்கிற வண்டி, 35 ஆம்பியர்-ஹவர் (Ah) பேட்டரியை ஒரு மாதத்தில் துடைத்துவிடும்.

கேபிளே மாற்ற வேண்டி வந்தால், உறையைக் கொஞ்சம் கிழித்துச் செம்பைப் பாருங்கள். மேலே உறை புதுசு மாதிரி இருக்கும், உள்ளே பச்சைப் பொடியாக உதிரும். அதில் புது லக் அடித்து ஒட்டுப்போடுவது வீண். பழையதைவிட மெல்லிய கேபிளை வாங்காதீர்கள். லக்கைக் கிரிம்ப் கருவியில் அழுத்தி, வாயைப் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவால், அதாவது சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் உறையால், மூடித் தரச் சொல்லுங்கள். கொஞ்சம் கூடக் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள்.